மர்ம நோய் த்ரில்லருக்கு வில்லன் தேடுகிறவருக்கு

மே 28 – வந்த கேள்வி

"ஒரு டாக்டர் மர்ம நோயைத் துப்பறியும் நாவல் எழுதுகிறேன். முதல் ஆறு அத்தியாயம் முடிந்தது. குழந்தைகள் ஒவ்வொருவராக விழுகிறார்கள். ஏன் என்று எனக்கே தெரியவில்லை! வைரஸ் என்று வைத்தால் போதுமா, இல்லை மருந்துக் கம்பெனி சதி வேண்டுமா? அந்தத் துறையில் இருந்தவர்கள் சொல்லுங்கள்."

மே 28, இரவு 10.50

இரண்டும் வேண்டாம். வைரஸும் சதியும் எழுதி எழுதித் தேய்ந்துவிட்டன. பீகாரில் முசாஃபர்பூர் என்று ஒரு ஊர். 1995 முதல் அங்கே ஒவ்வொரு வருடமும் மே, ஜூன் மாதங்களில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். இருபது வருடம் காரணம் பிடிபடவில்லை. அந்தக் கதையைப் படித்துவிட்டு வாருங்கள், ஆறு அத்தியாயத்தையும் நீங்களே கிழித்துப்போடுவீர்கள்.

நான் டாக்டர் இல்லை, லேப் டெக்னீஷியன். 26 வருடம். இப்போது ஓய்வு. மீதி நாளை.

மே 29, காலை

சரி, கதை.

சாயங்காலம் வரை தோப்பில் ஓடி விளையாடிய குழந்தை. ஒன்றிலிருந்து பத்து வயதுக்குள். இரவு படுத்துத் தூங்குகிறது. விடியற்காலை மூன்று மணிக்கு மேல், எட்டு மணிக்குள், வீறிட்டு அலறிக்கொண்டு எழுகிறது. வலிப்பு. பிறகு நினைவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் பாதி உயிர் போயிருக்கும்.

2013-ல் 133 குழந்தைகள் சேர்க்கப்பட்டார்கள், 59 பேர் இறந்தார்கள். 2014-ல் 390 பேர், இறந்தது 122. முதல் நல்ல மழை பெய்ததும் விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிடும். அடுத்த மே மாதம் மறுபடி.

இதில் ஒரு டிடெக்டிவ் கண்ணுக்குப் படவேண்டியது இரண்டு. ஒன்று, அந்த நேரம். எந்த வைரஸும் கடிகாரம் பார்த்து வராது. இரண்டு, ஒரு கிராமத்தில் பெரும்பாலும் ஒரே ஒரு குழந்தைதான் விழும். பக்கத்தில் படுத்திருந்த அண்ணன், தங்கைக்கு ஒன்றும் ஆகாது. தொற்று நோய் என்றால் வீட்டில் இன்னும் இரண்டு பேரையாவது பிடித்திருக்க வேண்டாமா?

ஆனால் எல்லோரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத்தான் தேடினார்கள். முதுகுத்தண்டு நீரை எடுத்து எடுத்து அனுப்பினார்கள். வைரஸ் கிடைக்கவில்லை. வெயில் தாக்கு என்றார்கள், பூச்சிமருந்து என்றார்கள், வௌவால் கடித்த பழம் என்றார்கள்.

காய்ச்சலே இல்லாத நோய்க்கு மூளைக்காய்ச்சல் என்று பெயர் வைத்தால் இப்படித்தான்.

மே 29, மதியம்

மேலே கடைசி வரியில் கொஞ்சம் வாய் நீண்டுவிட்டது. காய்ச்சலோடு வந்த குழந்தைகளும் உண்டு. பாதிக்கு மேல் காய்ச்சல் இல்லை என்பதுதான் சரி. ஊர் மக்களே இதைச் 'சம்கி புகார்' என்கிறார்கள். சம்கி என்றால் வெட்டி வெட்டி இழுப்பது, புகார் என்றால் காய்ச்சல். நம் காவல் நிலையப் புகார் இல்லை.

வடக்கு வியட்நாமிலும் பழத்தோட்டப் பகுதிகளில் இதே மாதிரி ஒன்று வந்தது. அங்கே அதற்கு வைத்த பெயர் 'அக் மோங்', கெட்ட கனவு. தூக்கத்திலிருந்து அலறி எழுவதால் அந்தப் பெயர். நாவலுக்குத் தலைப்பு தேடுகிறீர்களா? எடுத்துக்கொள்ளுங்கள்.

மே 29, இரவு

"என்ன பழம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். சொல்லாமல் விட்டதே அதற்குத்தான். லிச்சி.

மே 31

நேற்று உட்கார முடியவில்லை. பேரன் வந்திருந்தான். தள்ளுவண்டியில் லிச்சி விற்றுக்கொண்டு போனார்கள். வாங்கினேன். மதியம் வயிறு நிறையச் சாதம் போட்டுவிட்டு அப்புறம் ஆறு பழம் உரித்துக் கொடுத்தேன். கைதான் கொஞ்சம் யோசித்தது. தெரிந்ததன் தொல்லை.

இப்போது வேலை செய்யும் விதம். இதைப் புரிந்துகொள்ளாமல் எழுதினால் கடைசி அத்தியாயத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

ராத்திரி நாம் தூங்கும்போதும் மூளைக்குச் சர்க்கரை வேண்டும். முதலில் கல்லீரல் தன் கையிருப்பிலிருந்து கொடுக்கும். நோஞ்சான் குழந்தைக்கு அந்தக் கையிருப்பே கொஞ்சம்தான், ராச்சாப்பாடும் இல்லையென்றால் விடிவதற்குள் காலி. அப்போது உடம்பு கொழுப்பை எரித்து, அந்தச் சக்தியை வைத்துப் புதிதாகச் சர்க்கரை செய்யத் தொடங்கும். எல்லா மனிதருக்கும் தினமும் நடப்பது இது.

லிச்சியில் ஹைப்போகிளைசின் என்று ஒன்றும், அதன் தம்பி ஒன்றும் இருக்கின்றன. தம்பியின் பெயர் மெத்திலீன் சைக்ளோபுரொப்பைல் கிளைசின். ஒருமுறை சொல்லிவிட்டேன், இனி தம்பி என்றே சொல்கிறேன். இவை கொழுப்பு எரிகிற இடத்தில் போய்க் குறுக்கே படுத்துக்கொள்ளும். வீட்டில் அரிசி தீர்ந்துவிட்டது, கடைக்குப் போகலாம் என்றால் தெருவில் மரம் விழுந்து கிடக்கிறது. அவ்வளவுதான் விஷயம். சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கும், பாதி எரிந்த கொழுப்பின் கழிவு சேரும், மூளை வீங்கும்.

அதனால்தான் அந்த விடியற்காலை நேரம். கடைசியாகச் சாப்பிட்டதிலிருந்து எத்தனை மணி நேரம் என்பதுதான் கடிகாரம்.

என் பாட்டி ஒரு பிள்ளையையும் சாப்பிடாமல் படுக்க விடமாட்டாள். தூங்கின பிள்ளையை எழுப்பி உட்கார வைத்து இரண்டு உருண்டை ஊட்டுவாள். "இராப்பட்டினி கிடந்தால் யானை பலமும் போகும்" என்பாள். கண் திறக்காமல் மென்றது ஞாபகம் இருக்கிறது.

மே 31, கொஞ்ச நேரம் கழித்து

எழுதாமல் விட்டுவிட்டேன். த்ரில்லர்காரருக்கு இதுதான் முக்கியம். லிச்சிக் கொட்டையில் அந்தத் தம்பி இருப்பதை இங்கிலாந்தில் இரண்டு விஞ்ஞானிகள் 1962-லேயே கண்டுபிடித்து ஆய்விதழில் போட்டுவிட்டார்கள். ஹைப்போகிளைசினை ஜமைக்காவில் பிரித்தெடுத்தது அதற்கும் முன்னால், 1950-களின் நடுவில். அங்கே ஆக்கி என்று ஒரு பழம். பழுக்காமல் சாப்பிட்டால் வாந்தி, வலிப்பு, மரணம். 'ஜமைக்கா வாந்தி நோய்' என்றே பெயர். சர்க்கரையை இறக்கும் என்பதைப் பெயரிலேயே வைத்தார்கள்.

விடை எழுதி முடித்து முப்பது வருடம் கழித்துத்தான் முசாஃபர்பூரில் கேள்வியே வந்தது. இரண்டையும் ஒருவர் கையில் சேர்த்துக் கொடுக்க ஆள் இல்லை.

ஜூன் 1

"அப்படியானால் அதை 2017-ல் கண்டுபிடித்த டாக்டர்தான் என் ஹீரோ" என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த டாக்டர்?

2017 ஜனவரியில் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ ஆய்விதழில் வந்தது ஒரு பெரிய குழுவின் கட்டுரை. டெல்லியின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்க அரசின் நோய்த்தடுப்பு மையமான சிடிசியும் சேர்ந்து 2014 பருவத்தில் செய்த வேலை. ஆசிரியர் பட்டியலைப் படித்து முடிக்கவே ஒரு டீ ஆறிவிடும்.

அதற்கு முன்பே, 2014-ல், முசாஃபர்பூரில் குழந்தை மருத்துவராக இருந்த அருண் ஷாவும் நம் வேலூர் சிஎம்சியில் வைராலஜி, அதாவது வைரஸ் ஆய்வுப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற ஜேக்கப் ஜானும் கரன்ட் சயின்ஸ் என்ற ஆய்விதழில் எழுதிவிட்டார்கள். இது மூளை அழற்சி இல்லை, சர்க்கரை இறங்குவதால் வரும் மூளைக் கோளாறு, லிச்சியைப் பாருங்கள் என்று. அடுத்த வருடம் ஜேக்கப் ஜான் லக்னோ ஆய்வகத்தினரோடு சேர்ந்து, பழத்தின் சதையிலும் அந்தத் தம்பி இருப்பதைக் காட்டினார்.

யார் முதல் என்று சண்டை போட எனக்கு ஆர்வமில்லை. ஆனால் வாழ்நாள் முழுக்க வைரஸ் தேடிய ஒருவர் "இது வைரஸ் இல்லை" என்று சொன்னாரே, அது ஒரு காட்சி. ஹீரோ வேண்டுமென்றால் அங்கே பாருங்கள்.

ஜூன் 1, இரவு

இன்னொன்று. உங்கள் நாலாவது அத்தியாயத்தில் டாக்டர் சோதனைக் குழாயைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் பார்த்ததும் முகம் மாறுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். 26 வருடத்தில் நான் அப்படிப் பார்த்தது, ரத்தம் உறைந்துவிட்டதா, சிஸ்டரோடு சண்டை போடலாமா என்று முடிவு செய்யத்தான்.

ஜூன் 2

நிஜமான உச்சக்கட்டக் காட்சி லேபில் இல்லை. நோயுற்ற 104 குழந்தைகளின் வீட்டாரிடமும், அதே வயதில் இதற்குத் தொடர்பில்லாத வேறு நோய்க்காக ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்ட 104 குழந்தைகளின் வீட்டாரிடமும் அந்த டெல்லி, அமெரிக்கக் குழுவினர் ஒரே கேள்வித்தாளை வைத்துக்கொண்டு கேட்டார்கள். தண்ணீர் எங்கே எடுக்கிறீர்கள், தோப்புக்குப் போனானா, என்ன சாப்பிட்டான், எப்போது சாப்பிட்டான். பார்க்க ரேஷன் கார்டு விசாரணை மாதிரி இருக்கும்.

கூட்டிக் கழித்தபோது, முந்தின 24 மணி நேரத்தில் லிச்சி தின்றிருந்தால் நோய்க்கான வாய்ப்பு ஏறக்குறைய பத்து மடங்கு. ராச்சாப்பாடு இல்லையென்றால் இரண்டு மடங்கு சொச்சம். சிறுநீர் சோதித்த 73 குழந்தைகளில் 48 பேரிடம் அந்த நஞ்சின் கழிவு இருந்தது.

இதில் இரண்டாவது எண் என்னை உறுத்துகிறது. ராத்திரி சாப்பிட்டானா என்று பிள்ளை செத்துக்கொண்டிருக்கும் தாயிடம் கேட்க வேண்டும். அது கேள்வியா, குற்றச்சாட்டா? எத்தனை பேர் உண்மையைச் சொல்லியிருப்பார்கள்? இதைப் பற்றி எனக்கு ஒரு அனுபவம் உண்டு. பிறகு.

ஜூன் 3

"சர்க்கரை பார்ப்பது அவ்வளவு சாதாரணம், அதை எப்படி இருபது வருடம் விடுவார்கள்? வாசகர் நம்பமாட்டார்" என்கிறீர்கள். நம்புவார்கள், லேபில் ஒரு ராத்திரி இருந்தால்.

ரத்தம் குழாய்க்குள் வந்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. அணுக்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்கும். அதைத் தடுக்கத்தான் சர்க்கரைக்கென்று சாம்பல் மூடி போட்ட குழாய். உள்ளே ஃபுளோரைடு இருக்கும். அந்தக் குழாய் தீர்ந்துபோனால் ஃபுளோரைடு இல்லாத சிவப்பு மூடிக் குழாயில் எடுத்து அனுப்பிவிடுவார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ராத்திரி வந்த ஒரு சிவப்பு மூடியை ஓரமாக வைத்துவிட்டேன். கரண்ட் வேறு இல்லை. காலையில் போட்டுப் பார்த்தால் 41. பதறிப்போய் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு வார்டுக்கு ஓடினேன். அந்தப் பையன் கட்டிலில் உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தான். டாக்டர் என்னையும் பார்த்தார், இட்லியையும் பார்த்தார்.

அன்று முதல் அவர் என் குறைந்த சர்க்கரை ரிப்போர்ட் எதையும் முதல் தடவையில் நம்பியதில்லை. நியாயம்தான். ஆனால் அப்படி நம்பாமல் விட்டதில் நிஜமானவை எத்தனையோ.

கட்டிலருகே விரலைக் குத்தி ஸ்டிரிப்பில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. முசாஃபர்பூரில் 2014-ல் சர்க்கரை பார்க்கப்பட்ட 327 பேரில் 204 பேருக்கு 70 அல்லது அதற்கும் கீழே. ஒரு சொட்டு ரத்தம், சில நொடி. பிறகு 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ், அதாவது சர்க்கரைக் கரைசல் டிரிப், அதுவும் மூளை கெடுவதற்கு முன்னால் ஏறவேண்டும்.

ஜூன் 4

கொஞ்சம் தடம் மாறுகிறேன்.

லிச்சியும் ஆக்கியும் ஒரே தாவரக் குடும்பம். அந்தக் குடும்பத்தில் நமக்குத் தெரிந்தவர் யார் தெரியுமா? பூந்திக்கொட்டை. கொலுசு கழுவுவோமே, அதேதான். முடக்கத்தானும் அதே குடும்பம். உடனே முடக்கத்தான் தோசையைத் தூக்கிப் போடாதீர்கள். ஒரே குடும்பம் என்றால் ஒரே குணம் இல்லை, உங்கள் சித்தப்பாவைப் பாருங்கள்.

மேப்பிள் மரமும் இந்த வகையறாதான். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் மேய்ச்சல் குதிரைகள் தசை செத்து விழுந்துகொண்டிருந்தன. அதுவும் பல வருட மர்மம். ஏறத்தாழ 2012, 2013 வாக்கில்தான் மேப்பிள் விதையில் உள்ள ஹைப்போகிளைசின் என்று தெரிந்தது. 2013-ல்தான் முசாஃபர்பூரில் அந்த 59 குழந்தைகள் இறந்தார்கள்.

ஜூன் 6

ஒருவர் தனியாக எழுதி என்னைத் திட்டியிருக்கிறார். அவருடைய உறவினர் பழ வியாபாரி. "லிச்சியைக் கொலைகாரன் ஆக்கிவிட்டீர்கள், 2019-ல் இதே பேச்சால் விலை விழுந்தது" என்று. அவர் சொல்வதில் பாதி நியாயம்.

2019 ஜூனில் பீகாரில் 150-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள், கடும் வெயில் நேரம். லிச்சியே தொடாத பிள்ளைகளும் பட்டியலில் இருந்தார்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். மூளை அழற்சி என்ற ஒரே பெயருக்குள் பல நோய்களைப் போட்டுக் கட்டினால் அப்படித்தான் வரும். வங்கதேசத்தின் தினாஜ்பூரில் 2012-ல் 14 குழந்தைகள் பாதிக்கப்பட்டு 13 பேர் இறந்ததை ஆராய்ந்தவர்கள், தோப்பில் அடித்த பூச்சிமருந்தைத்தான் சந்தேகித்தார்கள். அந்த விவாதம் ஓயவில்லை.

நான் 29-ஆம் தேதி லிச்சி என்று ஒற்றைச் சொல்லில் நாடகமாடியது தப்பு. நகரத்தில் கிலோ கிலோவாகத் தின்கிற பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. தோப்பில் விழுந்த காயையும் பழத்தையும் பொறுக்கி அதையே சாப்பாடாக்கிக்கொண்ட பிள்ளைகள்தான் விழுந்தார்கள். பழுக்காததில் நஞ்சு கூடுதல். பழத்தையும் பட்டினியையும் சேர்த்துத்தான் வில்லன் என்று எழுதவேண்டும். பட்டினியை எப்படிக் கைது செய்து கடைசி அத்தியாயத்தில் வேனில் ஏற்றுவீர்கள் என்பது உங்கள் பாடு.

ஜூன் 9

தனி டாக்டர், சின்ன ஊர், யாரும் கேட்கவில்லை என்ற சட்டகம்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறீர்கள். அதற்கும் ஆள் இருக்கிறார். உத்தரப் பிரதேசத்தில் பிஜ்னோர். அங்கே குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டா. மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்குவதற்குள் வருடாவருடம் குழந்தைகள் மயங்கி இறந்தார்கள். அதையும் மூளைக்காய்ச்சல் என்றே சொன்னார்கள். இவர் பார்த்தபோது மூளை மட்டும் இல்லை, கல்லீரலும் தசையும் சேர்ந்து கெட்டிருந்தன. மூளைக்காய்ச்சல் வைரஸ் சாதாரணமாக அப்படி மூன்றையும் ஒரே நேரத்தில் தின்னாது.

கடைசியில் பிடிபட்டது தெருவோரச் செடி. பேயாவரை என்போம். மஞ்சள் பூ, ஒல்லியாக நீண்ட காய். பசித்த பிள்ளைகள் பச்சைக் காயை உரித்து விதையைத் தின்றிருக்கிறார்கள். மாடு மேய்ப்பவர்களுக்கும் கால்நடை மருத்துவர்களுக்கும் அது விஷம் என்று முன்பே தெரியும். 2007-ல் கட்டுரைகள் வந்தன. அதிலும் ஜேக்கப் ஜான் பெயர் இருக்கிறது. மனிதர் சும்மா இருக்கமாட்டார் போல.

நான் சின்ன வயதில் அந்தக் காயைக் கிலுகிலுப்பையாக ஆட்டியிருக்கிறேன். இப்போது எங்கள் தெருமுனை மின்மாற்றியடியில் நிற்கிறது. போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

ஜூன் 10

ஜேக்கப் ஜான் இருந்த வேலூர் என்றதும் இன்னொன்று. சென்னை மருத்துவக் கல்லூரி மாணவி நிர்மலா, ஆசிரியர் சுனிதி சாலமன். 1986. இந்தியாவில் எச்ஐவி இல்லவே இல்லை என்று எல்லோரும் நம்பிய காலம். நிர்மலா சேகரித்த ரத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ரயிலில் வேலூர் சிஎம்சிக்குக் கொண்டுபோனார். சோதனையில் ஆறு மாதிரிகள் மஞ்சளாக மாறின, எச்ஐவி இருப்பதன் அடையாளம். அந்த வீட்டு ஃபிரிட்ஜில் கொத்தமல்லிக்குப் பக்கத்தில் அந்த மாதிரிகள் இருந்திருக்குமோ என்று நான் நினைத்துப் பார்ப்பதுண்டு. இதை நாவலாக்காதீர்கள், அவர்கள் கதை அவர்களுடையது. ஆனால் அந்த ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு பொருள் உங்கள் கதையில் எங்கே என்று கேட்கிறேன்.

ஜூன் 14

இரண்டாம் தேதி 'பிறகு' என்று விட்டதை ஞாபகப்படுத்திவிட்டீர்கள். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தேன்.

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால். ஆஸ்பத்திரி பெயர் வேண்டாம். விடியற்காலை நாலரை. நாலு வயதுப் பையன், வலிப்பு. நம் ஊர்தான், லிச்சி எதுவும் இல்லை. ஸ்டிரிப் இருக்கிற அலமாரிக்குப் பூட்டு, சாவி பகல் டியூட்டி சிஸ்டர் இடுப்பில். டியூட்டி டாக்டர் சின்னப் பெண், புத்திசாலி. ரத்தத்தை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, ரிசல்ட்டுக்குக் காத்திருக்காமல் டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றத் தொடங்கிவிட்டார். நான் மிஷினில் போட்டு வருவதற்குக் கால்மணி நேரம். 29. சாம்பல் மூடிதான், இரண்டு தடவை போட்டேன். நான் ரிப்போர்ட்டோடு போய்ச் சேரும்போது பையன் கண்ணைத் திறந்து அம்மா எங்கே என்று தேடினான்.

டாக்டர் அந்த அம்மாவிடம் கேட்டார்: "ராத்திரி என்னம்மா சாப்பிட்டான்?"

"சோறு சாப்பிட்டான், டாக்டர்."

"நல்லா சாப்பிட்டானா?"

"நல்லா சாப்பிட்டான்."

டாக்டர் எழுதிக்கொண்டார்.

பத்து மணிக்கு அந்த அம்மா லேப் ஜன்னலுக்கு வந்து பில்லை நீட்டினார். ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டும் போகவில்லை. வரிசையில் பின்னால் நின்றவர்கள் நகர்ந்த பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "சார், நேத்து வீட்ல அடுப்புப் பத்தவைக்கல. மத்தியானம் பால்வாடில சாப்பிட்டதுதான். டாக்டரம்மாகிட்ட சொல்ல வாய் வரல" என்றார்.

நான், "சரிம்மா, புள்ள நல்லாயிருக்கான்ல" என்றேன். டிரிப் ஓடிக்கொண்டிருக்கிறதே, இனி சொல்லி என்ன ஆகப்போகிறது என்று நினைத்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. மாடிக்கு ஏறிப்போனால் இரண்டு நிமிடம்.

அந்தக் கேஸ் ஷீட்டில் இரவு உணவு என்ற இடத்தில் 'சாதாரணம்' என்றுதான் இருக்கிறது.